நியூ ஜெர்சியில் பழைய வீடு வாங்குமுன் பேஸ்மென்ட்டைப் பாருங்கள்

நெல்லைப் பக்கமிருந்து நியூ ஜெர்சிக்கு வருகிறவர்களுக்கு எழுதுகிறேன். சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் கூட வேலை பார்ப்பவர்களே சொல்லித் தருவார்கள். வரிசையில் நின்றால் முடிந்துவிடும். கொஞ்ச வருடம் கழித்து வீடு பார்க்கும்போதுதான் கவனம் வேண்டும்.

நம்ம ஊரில் மனை வாங்கினால் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கம் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்போமா? இங்கே அதே கண்ணோடு வீட்டைச் சூடாக்கும் சாமான்களையும், அதற்காக முன்பு எரித்த எண்ணெயின் தொட்டி மண்ணுக்கடியில் புதைந்து கிடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மார்கழிக் குளிரைப் போர்வையிலேயே கடத்திவிடுகிற நமக்கு அது பழக்கமில்லை.

அம்பாசமுத்திரத்தில் இருந்து வந்த என் சித்தி மகன் ஒரு பழைய வீட்டை ஆசையாக வாங்கினான். "அண்ணே, கேஸ் பாய்லர், அதுவும் புதுசு" என்றான். குடிவந்த பிறகு தோட்டத்து மண்ணுக்கடியில் துருப்பிடித்து ஒழுகிய எண்ணெய்த் தொட்டி கிடப்பது தெரிந்தது. அதைச் சரிசெய்வது பொதுவாக இன்றைய வீட்டுக்காரர் பொறுப்பு. காப்பீட்டுக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஊறிப்போன மண்ணை வெட்டி அப்புறப்படுத்தியதில் அவன் சேமிப்பு காலி. விற்ற முகவர் வாயே திறக்கவில்லை. நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

பழைய வீடுகள் பலவும் முதலில் நிலக்கரியால் சூடாகி, பிறகு எண்ணெய்க்கு மாறி, கடைசியில் கேஸுக்கு வந்தவை. பாய்லர் புதிதாக இருக்கலாம், அதன் சூட்டை அறைகளில் பரப்பும் ரேடியேட்டர் வயதில் பொய் சொல்லாது. பூவேலைப்பாடுள்ள கனத்த வார்ப்பிரும்பு ரேடியேட்டர் என்றால் பெரும்பாலும் நூறு வருடப் பழசு. மெலிந்த குழாய் வடிவம் 1920-களில் பரவியது. அதில் ஓர் ஆண்டு பொறித்திருந்தால் பெரும்பாலும் காப்புரிமை பெற்ற ஆண்டுதான். செய்த ஆண்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்கன் ரேடியேட்டர் கம்பெனி பெயர் இருந்தால் 1892-க்குப் பிந்தியது, அந்த நிறுவனம் தொடங்கியதே அப்போதுதான். அவ்வளவு பழைய வீட்டில் நிலக்கரிக்கும் கேஸுக்கும் நடுவில் என்ன எரிந்தது, அதன் தொட்டி எங்கே என்று கேளுங்கள்.

பேஸ்மென்ட்டில், அதாவது வீட்டுக்கடியில் இருக்கும் அறையில், சுவர் அல்லது தரை வழியாக எண்ணெய் வந்த விரல் தடிமன் செப்புக் குழாய்கள் வந்து, வெட்டி நசுக்கி விட்டிருக்கிறதா பாருங்கள். சித்தி மகன் வீட்டில் அவை அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. வெளியே சுவரோரம் மூடிபோட்ட நிரப்புக் குழாயோ, குடைத் தொப்பி வைத்த காற்றுக் குழாயோ நின்றாலும் சந்தேகப்படுங்கள். பாய்லரிலிருந்து போகும் சூட்டுக் குழாய்மேல் வெள்ளைப் பட்டி சுற்றியிருந்தால் அது நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். தொடாமல் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

வழக்கமான வீட்டுப் பரிசோதனையில் புதைந்த தொட்டி பொதுவாகச் சேராது. தொட்டி தேடும் ஆட்களைத் தனியாக அழைக்க வேண்டும். உலோகங்காட்டியோடும் ரேடாரோடும் வந்து மனையைச் சலித்துவிடுவார்கள். சில நூறு டாலர்தான், அதில் சிக்கனம் வேண்டாம். நகராட்சிக் கட்டுமான அலுவலகத்தில் பொதுப் பதிவுச் சட்டப்படி பழைய தொட்டி அனுமதிகளைக் கேட்டு வாங்கலாம்.

முகவர் எழுதிய ஒப்பந்தம் என்றால் வக்கீல் பார்வைக்கு 3 வேலை நாள் உண்டு. அதற்குள் வக்கீலிடம் சொல்லி, தொட்டி இருந்தால் விற்பவர் தன் செலவில் எடுத்து, மண் சோதனை முடித்து, ஒழுகியிருந்தால் சரிசெய்து முடித்ததற்கான மாநிலச் சுற்றுச்சூழல் துறைக் கடிதமும் தர வேண்டும் என்று எழுத வையுங்கள். மறுத்தால் வேறு வீடு பாருங்கள்.