ரோட்டரி டூலால் கல்லில் டிசைன் செதுக்குவது எப்படி
ரோட்டரி டூல் என்பது சின்ன முனையை வேகமாகச் சுழற்றும் கை மோட்டார் கருவி. முதல் தடவை என்றால் மாக்கல்லில் தொடங்குங்கள், நகத்தாலேயே கீறலாம், அவ்வளவு மென்மை. கிரானைட்டுக்கு வைர பிட் (டூலில் மாட்டும், வைரத்துகள் பதித்த முனை) வேண்டும். டிசைனைப் பென்சிலில் வரைந்து, சின்ன உருண்டை முனை பிட்டைக் கோட்டின் மேலேயே லேசாக ஓட்டுங்கள், அழுத்தவே வேண்டாம், அழுத்தினால் பிட் சூடேறி வைரத்துகள் உதிர்ந்துவிடும், முனையும் கோட்டை விட்டு வழுக்கிப் போகும். ஒரே இழுப்பில் ஆழம் தேடாமல் நாலைந்து முறை ஓட்டுவதுதான் எனக்குப் பிடித்த வழி.

அப்புறம் தூசி. இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். பல கற்களின் தூசியில் சிலிக்கா உண்டு, அது நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் என்ற நோய் வந்தால் குணமாகாது. என்95 மாஸ்க்கும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். ஸ்பாஞ்சால் கல்லை ஈரமாக வைத்துக்கொண்டால் தூசி அடங்கும், பிட்டும் குளிரும். மோட்டாருக்குள் மட்டும் தண்ணீர் போகக்கூடாது.