பைக் பேனலைக் கழற்றி மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி ஏர் ஃபில்டர் மாற்றுவதற்காகத் தன் பைக்கின் சைடு பேனலைக் கழற்றினார். வேலை முடிந்து திரும்ப மாட்டும்போது, போல்ட் இன்னும் இறுகவில்லை என்று நினைத்து ஆலன் கீயை, அதாவது அந்த எல் வடிவ அறுகோணச் சாவியை, மேலும் ஒரு கால் சுற்றுத் திருகினார். டக்கென்று ஒரு சத்தம். பழக்கப்பட்ட சத்தம்தான், பேனலின் காது, அதாவது போல்ட் போகும் துளை இருக்கும் பிளாஸ்டிக் நீட்டல், வெடித்திருந்தது. போல்ட் தலையைத் தேய்ப்பது, போல்ட்டைத் தொலைப்பது எல்லாம் ஒருமுறை பட்டால் தானாகவே திருந்திவிடும். நான் சொல்ல வருவது அப்படித் திருந்தாதவற்றை.

காலரை மறந்து இறுக்குவது

பல பேனல்களில் போல்ட் போகும் துளையில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதற்குள் சின்ன உலோகக் குழாய் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதைத்தான் காலர் என்கிறோம், சிலர் புஷ் என்பார்கள். போல்ட்டை இறுக்கும்போது அதன் தலை காலரில் போய் உட்காரும், காலர் ஃபிரேமில் முட்டி நிற்கும். இறுக்கத்தின் பாரம் முழுவதையும் இந்த உலோகமே வாங்கிக்கொள்ளும். பேனல் ரப்பரில் மிதந்தபடி, அதிர்வை உள்வாங்கிக்கொண்டு இருக்கும்.

காலர் இல்லையென்றால் ரப்பர் நசுங்கிக்கொண்டே போகும். போல்ட் முட்டி நிற்க இடமே இருக்காது. இன்னும் லூசாக இருக்கிறது என்று கை திருகிக்கொண்டே இருக்கும். கடைசியில் பாரம் பிளாஸ்டிக்கின் மேல் இறங்கி, துளையிலிருந்து ஓரம் வரை முடி போல ஒரு கீறல் ஓடும். வண்டி ஓட ஓட அதிர்வில் அந்தக் காது முழுவதும் உடைந்து வரும்.

என் முதல் வண்டியில் இதேதான் நடந்தது. பேனல் கடகடவென்று ஆடியது. இறுக்கினேன், வெடித்தது. ஒட்டினேன், மறுபடி இறுக்கினேன், மறுபடி வெடித்தது. புதுப் பேனல் வாங்கி மாட்டினால், வெயிலில் வெளுத்திருந்த டேங்க்கின் நிறத்தோடு அது சேரவே இல்லை. பல மாதம் கழித்து பேட்டரி மாற்றும்போதுதான் அந்தக் காலர் பேட்டரிப் பெட்டியின் மூலையில் கிடந்தது. பேனலைத் திருப்பிய நொடியில் சத்தமில்லாமல் கழன்று விழுந்திருக்கிறது. இத்தனைக்கும் போல்ட் அதைச் சொல்லத்தான் செய்கிறது. காலர் இருந்தால் சட்டென்று முட்டி நிற்கும், இல்லாவிட்டால் பஞ்சை அழுத்துவது போல இருக்கும். அந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் ஒரு நல்ல பேனலை உடைப்பதைப் பார்த்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

காலர் தொலைந்தால் வாஷர் போட்டுச் சமாளிக்காதீர்கள். வாஷர் அழுத்தத்தைப் பரப்புமே தவிர, நசுங்குவதைத் தடுக்காது. அதே மாதிரி இன்னொரு துளையில் இருக்கும் காலரின் உயரத்தை அளந்து, அந்த உயரத்துக்கு ஓர் உலோகக் குழாயை வெட்டிப் போடுங்கள். அப்புறம், ஆலன் கீயின் நீண்ட பக்கத்தைப் போல்ட்டில் நுழைத்து, குட்டைப் பக்கத்தைப் பிடித்துத் திருகுங்கள். பேனல் போல்ட்டுக்கு அந்த வலு போதும்.

ஆடும் போல்ட்டுக்குத் திரெட்லாக் போடுவது

வேண்டாம். திரெட்லாக் என்பது போல்ட் கழன்று வராமலிருக்க மரையில் விடும் பசை. அது ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்கில் பட்டால் வெடிப்பு விடும்.

முதல் போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவது

அப்படிச் செய்தால் கடைசித் துளை நேராக வராது. வராத துளையில் போல்ட்டைச் சாய்த்துத் திணித்தால் மரை போய்விடும். எல்லாப் போல்ட்டையும் விரலாலேயே இரண்டு மூன்று சுற்று பிடிக்கவிட்டு, கடைசியில் இறுக்குங்கள். மரை பிடிக்கவில்லை என்றால் முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். லேசாக ஒரு துள்ளல் விரலுக்குத் தெரியும், அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் நேராக ஏறும்.

எல்லாப் போல்ட்டையும் ஒரே டப்பாவில் கொட்டுவது

ஆறு எம்எம் போல்ட்டிலேயே குட்டையும் நெட்டையும் கலந்திருக்கும். குட்டை இருந்த துளையில் நெட்டையைப் போட்டால், பின்னால் இருக்கும் ஒயரையோ ரேடியேட்டரையோ அது குத்தலாம். அட்டையில் பேனலின் வடிவத்தை வரைந்து, கழற்றும் போல்ட்டை அதனதன் இடத்திலேயே குத்தி வையுங்கள்.

வராத பேனலை இழுப்பது

வரவில்லை என்றால் இன்னும் ஏதோ ஒன்று பிடித்திருக்கிறது. சீட்டுக்கு அடியில் ஒரு போல்ட் ஒளிந்திருக்கும், அல்லது முன்னாலோ பின்னாலோ நகர்த்தி எடுக்க வேண்டிய லாக்காக இருக்கும். ரப்பருக்குள் செருகிய முளை என்றால் அதன் பக்கத்திலேயே பிடித்து நேராக இழுங்கள். தூர ஓரத்தைப் பிடித்து வளைத்தால் முளை முறியும். திரும்ப மாட்டும்போது ரப்பரில் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் தடவினால் பல ரப்பர் ஊறி உப்பிவிடும். இண்டிகேட்டர் ஒயர் பேனலோடு வந்தால், பேனலை அதில் தொங்கவிடாமல் முதலில் கனெக்டரைப் பிரியுங்கள்.

ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார்க்காமல் கிளம்புவது

இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். கேபிள் எதுவும் பேனலில் மாட்டக்கூடாது, ஆக்சிலேட்டரை விட்டதும் அது தானாக மூடிக்கொள்ள வேண்டும்.