நாடகம் பார்த்து விமர்சனம் எழுதுவது எப்படி? ஒரு வள்ளி திருமண இரவை வைத்து

மதுரைப் பக்கம் பங்குனி பிறந்துவிட்டால் கோயில் திருவிழாக்கள் வரிசை கட்டும். பெரும்பாலான ஊர்களில் ஓர் இரவு நாடகத்துக்கு என்று ஒதுக்கியிருப்பார்கள். விடிய விடியப் பார்த்துவிட்டு வந்து, "அருமையான நாடகம், அனைவரும் சிறப்பாக நடித்தார்கள்" என்று ஒரு வரி எழுதி நாலு படம் போட்டுவிட்டுப் பலரும் படுத்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்கு மேல் எழுத ஆசைப்படுகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

இப்படித் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் இசை நாடகமான ஸ்பெஷல் நாடகத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நமக்குப் பக்கத்தில் கிடைப்பது அது. அதைப் பற்றிக் கவனமாக எழுதியவர்களும் குறைவு.

1. போவதற்கு முன்

நோட்டீஸை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராஜபார்ட் (கதாநாயகன் வேடம்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேடம்), பபூன் (கோமாளி), டான்ஸ், நாரதர், ஆர்மோனியம், மிருதங்கம், டோலக் என்று யார் யார் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்பது அதில் இருக்கும். ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர். இவர்கள் ஒரே குழு இல்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைக்கிறார்கள். ஒத்திகை கிடையாது. இயக்குநர் கிடையாது. சில நேரம் அன்று இரவுதான் முதல் தடவையாகச் சேர்ந்து நடிப்பார்கள்.

கதையும் தெரிந்திருக்க வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிய நாடகங்கள்தான் இந்த மேடையின் அடித்தளம். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்', 'சத்தியவான் சாவித்திரி' என்று நீளும். அவர் 1918-இல் இதே மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கி, சிறுவர்களுக்கு வரி வரியாகப் பாடம் சொல்லி, கடுமையாக ஒத்திகை பார்த்து மேடையேற்றினார். பின்னாளில் பெயர்பெற்ற நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள்தான். அதே ஆசிரியரின் வசனமும் பாட்டும்தான் இன்று ஒத்திகையே இல்லாமல் ஊர் மேடைகளில் ஓடுகின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் எதை மதிப்பிட வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும். பாட்டும் கதையும் நூறு வருஷத்துப் பழையவை. அன்று இரவுக்குப் புதியது, அந்த நடிகர்கள் ஒருவருக்கொருவர் என்ன பதில் கொடுத்தார்கள் என்பது. விமர்சகர் எழுத வேண்டியது அதைத்தான்.

2. எங்கே உட்காருவது

முன்பாதி இரவு பாய் விரித்திருக்கும் இடத்தின் ஓரமாக, ஆர்மோனியக்காரரின் கை தெரிகிற பக்கம் உட்காருங்கள். பின்பாதியில் எழுந்து கடைசிக்குப் போய் நில்லுங்கள். முன்னால் இருந்தால் முகம் தெரியும், பின்னால் நின்றால் கூட்டம் தெரியும். இரண்டும் வேண்டும்.

3. குறிப்பு எடுப்பது

சின்ன நோட்டு, பென்சில் போதும். மொபைலில் வீடியோ எடுக்காதீர்கள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் மேடை தவறிப்போகும். எல்லாவற்றையும் எழுதவும் வேண்டாம். நான் மூன்றே விஷயங்களைத்தான் குறிப்பேன்: மணி, என்ன நடந்தது, கூட்டம் என்ன செய்தது. "நன்று", "சுமார்" என்று மதிப்பெண் போடுவதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குறிப்பை அப்படியே காட்டுகிறேன். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் எடுத்தது:

"1.40. நாரதர்-வள்ளி தர்க்கம். கேள்வி: தினையைக் காக்க நீ வந்தாய், உன்னைக் காக்க யார்? வள்ளி பதில் இல்லை. ஆர்மோனியம் ஒரே சுரத்தில் நிற்கிறது. கவண் கீழே. பதில். முன்வரிசைப் பாட்டி தொடையில் தட்டிச் சிரிப்பு."

அங்கே நடந்தது இதுதான். நாரதர் வேடக்காரர் வழக்கமான கேள்விகளை முடித்துவிட்டு, அன்றைக்கென்று ஒன்றைத் தூக்கிப் போட்டார். வள்ளியாக வந்த அம்மா அதை எதிர்பார்க்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. மூன்று நொடி இருக்கும். ஆர்மோனியக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். வாசித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து நகராமல், ஒரே சுரத்தை மெல்ல இழுத்துப் பிடித்தபடி அவருக்கு நேரம் வாங்கிக் கொடுத்தார். அந்த அம்மா கையிலிருந்த கவணை நிதானமாகத் தரையில் வைத்தார். "தினைக்குப் பயம் உண்டு சாமி, அதனால் காவல். எனக்குப் பயமே இல்லையே, காவல் எதற்கு?" என்றார். நாரதரின் சப்ளாக்கட்டை ஒரு தட்டுத் தட்டி ஒப்புக்கொண்டது. அதன் பிறகு அவர் அந்தக் கேள்விக்குத் திரும்பவே இல்லை.

எட்டு மணி நேர இரவில் இது ஒரு நிமிஷம்கூட இல்லை. ஆனால் ஸ்பெஷல் நாடகம் என்றால் என்ன என்பது முழுக்க இதற்குள் இருக்கிறது. இப்படி ஒரு நிமிஷத்தைப் பிடித்துவிட்டால் உங்கள் விமர்சனத்துக்கு உயிர் வந்துவிட்டது என்று நம்பி எழுத உட்காரலாம்.

4. காதைத் தீட்டிக்கொள்வது

இது இசை நாடகம். கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். சுருதி எத்தனை கட்டை (எவ்வளவு உயரத்தில் பாடுகிறார்கள்) என்று ஆர்மோனியக்காரரிடம் கேட்டால் சொல்வார். ராஜபார்ட்டுக்கு வசதியான சுருதி ஸ்திரீபார்ட்டுக்கு வசதியாக இருக்கிறதா? யார் யாருக்காக இறங்கி வருகிறார்? மேலே போகும் இடத்தில் குரல் தழைகிறதா, கத்தலாகிறதா? சொல் விளங்குகிறதா? இதையெல்லாம் கேட்டு எழுத, ராகப் பெயர் தெரிந்தே ஆக வேண்டும் என்று இல்லை. தெரியாத ராகத்துக்குப் பெயர் வைக்காமல் இருந்தால் போதும்.

என் முதல் விமர்சனத்தில் ஒரு தவறு செய்தேன். நடிகர் பாடிய அடியை ஆர்மோனியக்காரரும் பாடுவதைக் கேட்டு, "நடிகருக்குக் குரல் போதவில்லை, வாத்தியக்காரர் உதவ வேண்டியிருந்தது" என்று எழுதிவிட்டேன். அது பின்பாட்டு. நோட்டீஸிலேயே 'ஆர்மோனியம், பின்பாட்டு' என்று போட்டிருந்தது. மரபையே குறை என்று எழுதி, நன்றாகப் பாடிய ஒருவரைக் காயப்படுத்தினேன். அன்றிலிருந்து, குறையாகத் தோன்றும் எதையும் எழுதுவதற்கு முன்னால் விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்காமல் விடுவதில்லை.

5. எழுத உட்காருவது

தூங்கி எழுந்து எழுதுங்கள். கதைச் சுருக்கம் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். முருகன் வேடனாகவும் கிழவராகவும் வந்து வள்ளியை மணப்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். உங்கள் நோட்டில் இருக்கும் அந்த ஒரு நிமிஷத்திலிருந்து தொடங்குங்கள். அப்புறம் அதிலிருந்து மற்ற காட்சிகளுக்குப் போகலாம்.

முதலில் காட்டுங்கள், பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். "முருகன் சரியாகச் செய்யவில்லை" என்றால் வாசகருக்கு ஒன்றும் கிடைக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: "கிழவர் வேடத்தில் தேனும் தினைமாவும் கேட்கும்போது முதுகு வளைந்திருந்தது, குரலோ வேடனாக வந்தபோது இருந்த அதே குரல். ஆகவே வள்ளி ஏமாறுவதை நம்ப முடியவில்லை." குறையும் தெரிகிறது, காரணமும் தெரிகிறது. நடிகர் படித்தாலும் அடுத்த மேடையில் யோசிக்க அவருக்கு ஏதோ ஒன்று கிடைக்கும்.

பபூன் காட்சியைப் பலர் எழுதாமலே தாண்டிவிடுகிறார்கள். கதை தொடங்குவதற்கு முன்னால் கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக் கொடுப்பவர் அவர்தான். எதற்குச் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று பாருங்கள். பெண்களை மட்டம் தட்டி வாங்கிய சிரிப்பு என்றால் அதையும் தயங்காமல் எழுதுங்கள். ஆனால் டான்ஸ் ஆடும் பெண்ணின் உடையையோ நடத்தையையோ பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். மேடையேறும் பெண்கள் ஊராரின் வாயில் போதுமான அளவு விழுந்துவிட்டார்கள். அவர்களுடைய தாளம், அடவு, வசனத்தின் வேகம் இவைதான் நம் வேலை.

நடுவில் மைக்கில் அன்பளிப்பு அறிவிப்பு வந்து காட்சி நின்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலிருந்து நடிகர் எப்படி மறுபடி உணர்ச்சியைப் பிடித்தார் என்பது அவருடைய திறமைக்கு நல்ல அளவுகோல்.

6. நவீன நாடகம் என்றால்

மதுரைக்கு அந்தப் பாரம்பரியமும் உண்டு. மு.ராமசாமி 1978-இல் இங்கேதான் 'நிஜ நாடக இயக்கம்' என்ற நவீன நாடகக் குழுவைத் தொடங்கினார். இயக்குநரும் பல வாரத்து ஒத்திகையும் இருக்கும் நாடகத்தில் கேள்வி மாறும். இந்த ஒளி ஏன், நடிகர் அங்கே ஏன் நிற்கிறார், மௌனம் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்க வேண்டும். அங்கே எதுவும் தற்செயல் இல்லை என்று எடுத்துக்கொண்டு எழுதலாம். குறிப்பு எடுக்கும் முறை அதேதான்.

7. வெளியிடும் முன்

பெயர்களை நோட்டீஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னால் ஊர்ப் பெயர் இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக் கலைஞர்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். அறுநூறு வார்த்தைக்குள் முடித்தால் நல்லது.

சரி, எழுதி முடித்தாயிற்று. அந்த நோட்டை மூடி வைத்துவிடாதீர்கள். வள்ளியாக நடித்த அதே அம்மா, திருவிழா சீசன் முடிவதற்குள் பக்கத்து ஊரில் வேறொரு நாரதரோடு மேடையேறுவார். கட்டாயம் போய்ப் பாருங்கள். அந்தக் கேள்வி வருகிறதா, வந்தால் கவண் கையில் இருக்கிறதா, தரையில் இருக்கிறதா என்று பழைய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள்.