ஒல்லியான பெண்களுக்கு பிசிஓஎஸ்: எடையைப் பார்த்து ஏமாறும் தவறுகள்

சினைப்பை நீர்க்கட்டி என்று பரவலாக அழைக்கப்படும் பிசிஓஎஸ், உடல் பருமன் உள்ளவர்களுக்கே வரும் என்ற எண்ணம் இன்னும் வலுவாக இருக்கிறது. அதனால், மாதவிடாய் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வந்தாலும், தாடையில் முடி வளர்ந்தாலும், ஒல்லியான பெண்ணிடம் "உனக்கு அதெல்லாம் இருக்காது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். தவறுகளிலேயே பெரியது இதுதான், ஏனெனில் நோயைக் கண்டறியும் அளவுகோல்களில் எடைக்கு இடமே இல்லை. ஒழுங்கற்ற கருமுட்டை வெளியேற்றம், ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் காணும் சினைப்பை மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்து, தைராய்டு கோளாறு, பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோனின் மிகுதி போன்ற பிற காரணங்கள் இல்லையென உறுதியானால் அது பிசிஓஎஸ்தான்.

எடை சரியாக இருப்பதால், இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத இன்சுலின் எதிர்ப்பும் இருக்காது என்று முடிவு செய்வது அடுத்த தவறு. பருமனைச் சாராமலும் இந்நோயில் இன்சுலின் எதிர்ப்பு இருக்க முடியும் என்பதை அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஆண்ட்ரியா டுனைஃபும் அவருடைய குழுவினரும் 1989-லேயே காட்டினார்கள். தசைகள் இன்சுலினுக்குச் சரிவர இணங்காதபோது கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டுகிறது. ஆனால் சினைப்பை அந்தக் கூடுதல் இன்சுலினுக்கு இணங்கவே செய்வதால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எல்எச் ஹார்மோனின் தூண்டலோடு சேர்ந்து அங்கே ஆண் ஹார்மோன்கள் அதிகமாக உருவாகின்றன. கல்லீரலிலோ அந்த ஹார்மோன்களைப் பிடித்துவைக்கும் புரதத்தின் உற்பத்தி குறைந்துவிடுவதால், ரத்தத்தில் கட்டுப்படாமல் செயல்படும் ஆண் ஹார்மோன் இன்னும் கூடுகிறது. ஒல்லியான எல்லோருக்கும் இது நேர்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பரிசோதிக்காமல் உண்டென்பதும் இல்லையென்பதும் ஒரே அளவில் தவறு.

வெறும் வயிற்று சர்க்கரையை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதும் அடிக்கடி நடக்கிறது. காலையில் 88 என்று வந்த அதே பெண்ணுக்கு, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 152 வரலாம். அந்த நேரத்தில் 140 முதல் 199 வரை இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. வெறும் வயிற்று அளவு மட்டும் பார்த்திருந்தால் அது தெரியாமலே போயிருக்கும். ஆகவே எடை எதுவானாலும் பிசிஓஎஸ் உள்ளவர்கள் இந்தக் குளுக்கோஸ் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது. மாறாக, ரத்தத்தில் இன்சுலின் அளவை மட்டும் தனியாகப் பார்ப்பதை நம்பியிருக்க முடியாது; அதன் முடிவுகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுபடுகின்றன.

மனதை மிகவும் வருத்துவது, ஏற்கெனவே மெலிந்திருக்கும் பெண் "எடையைக் குறைத்தால் சரியாகிவிடும்" என்ற பொதுவான அறிவுரையைக் கேட்டுச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வதுதான். போதிய உணவின்றி உடற்பயிற்சி மட்டும் கூடும்போது மூளையிலிருந்து சினைப்பைக்கு வரும் தூண்டலே குறைந்து மாதவிடாய் அடியோடு நின்றுவிடலாம். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பும் வலுவிழக்கும். அந்த நிலையில் உள்ள சிலருக்கும் ஸ்கேனில் நீர்க்கட்டி போன்ற தோற்றம் தெரிவதால் அதையே பிசிஓஎஸ் என்று தவறாக எண்ணி, இன்னும் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டுக்குத் தள்ளிவிடும் ஆபத்து உண்டு. சமீபத்தில் எடை குறைந்ததா, சாப்பாடு எப்படி, பயிற்சி எவ்வளவு என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும். ஒல்லியானவர்களுக்குத் தேவை எடைக்குறைப்பு அல்ல, தசைவலு. குளுக்கோஸைப் பெருமளவில் உள்வாங்குவது தசைதான் என்பதால், வயிறார உண்டு எடை தூக்கும் பயிற்சி செய்வது பட்டினியைவிடப் பன்மடங்கு பயன் தரும்.

மருந்து விஷயத்திலும் கவனம் தேவை. கருத்தடை மாத்திரையால் மாதாமாதம் வரும் ரத்தப்போக்கை நோய் குணமானதாகக் கொள்ளக் கூடாது. அந்த மாத்திரை சாப்பிடும்போது எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் அளவையும் நம்ப முடியாது. இன்சுலின் எதிர்ப்பைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை ஒல்லியானவர்களுக்கும் சில சமயம் தரப்படுகிறது. குறைந்த அளவில் தொடங்கி, உணவோடு சாப்பிட்டால் வயிற்றுத் தொல்லை குறையும். நீண்ட காலம் எடுப்பவர்கள் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிகிச்சையின்றி 90 நாட்களுக்கு மேல் மாதவிடாய் வராமல் இருந்தால், முதலில் கர்ப்பம் இல்லையென உறுதிசெய்துகொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருப்பையின் உட்சுவர் வெளியேறாமல் தடித்துக்கொண்டே போவது எந்த எடையிலும் நல்லதல்ல. மாதவிடாய் சீரான பிறகும், ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்க்கரைப் பரிசோதனை தொடர வேண்டும். கர்ப்பம் திட்டமிடுகிறவர்கள் அதற்கு முன்பே செய்துகொள்ள வேண்டும்.