முற்றுரிமையால் ஏற்படும் நலன் இழப்பைக் கணக்கிடுவது எப்படி?

விற்பவர் ஒருவர் மட்டுமே உள்ள சந்தையில் சமூகம் எவ்வளவு இழக்கிறது என்று கணக்கிட முனைவோர் பலர், விலை ஏறியிருப்பதைக் கண்டதும் அதையே இழப்பாக எழுதிவிடுகின்றனர். ஏறிய விலையால் வாங்குபவரின் பணம் விற்பவரின் கைக்கு மாறுகிறதே தவிர அழிவதில்லை. கணக்கிட வேண்டியது, வாங்க முடியாமல் திரும்பிப் போனவர்களால் விளையும் இழப்பை.

முதலில் தேவைக் கோட்டையும் (எந்த விலைக்கு எத்தனை விற்கும் என்று காட்டுவது) இறுதிநிலைச் செலவையும் (கூடுதலாக ஒன்றைச் செய்ய ஆகும் செலவு) குறித்துக்கொள்ளுங்கள். விலை 100 ரூபாயானால் எவரும் வாங்குவதில்லை, ஒவ்வொரு ரூபாய் குறையும்போதும் ஒரு பொருள் கூடுதலாக விற்கும், ஒன்றைச் செய்ய 20 ரூபாய் ஆகும் என்று கொள்வோம். விற்பவர் பலர் போட்டியிடும் நிறைவுப் போட்டியில் விலை செலவளவுக்கே இறங்கிவிடுவதால் 80 பொருள்கள் விற்கும். கொடுக்க முன்வந்த தொகைக்கும் கொடுத்த தொகைக்கும் உள்ள வேறுபாடாகிய நுகர்வோர் உபரி 3,200 ரூபாய்.

அடுத்த படியில்தான் மாணவர்கள் பெரும்பாலும் தவறுகின்றனர். கூடுதலாக ஒன்றை விற்க முற்றுரிமையாளர் எல்லாப் பொருள்களின் விலையையும் குறைக்க வேண்டியிருப்பதால், அவருடைய இறுதிநிலை வருவாய், அதாவது அந்தக் கூடுதல் ஒன்றால் வரும் வருவாய், தேவைக் கோட்டைப் போல் இரு மடங்கு வேகத்தில் சரியும். அது செலவான 20 ரூபாயைத் தொடுவது 40 பொருள்களில், அதற்கு மேல் விற்றால் லாபம் குறையும்; ஆனால் விலையைத் தேவைக் கோட்டில்தான் பார்க்க வேண்டும், அது 60 ரூபாய். நுகர்வோர் உபரி 800, லாபம் 1,600. போட்டிச் சந்தையின் 3,200 ரூபாயில் எஞ்சிய 800 எவர் கையிலும் இல்லை. அதுவே இழப்பு.

மின்கம்பி வலையமைப்பு போன்றவற்றில் ஒரே நிறுவனம் இயங்குவதாலேயே செலவு குறையக்கூடும். மேற்கண்ட கணக்கில் செலவு 7 ரூபாயாகக் குறைந்தால், முற்றுரிமையிலும் மொத்த நலன் (நுகர்வோர் உபரியும் லாபமும் சேர்ந்தது) 3,200-ஐச் சற்றே தாண்டிவிடும். எனவே இரு சந்தைகளுக்கும் ஒரே செலவுதானா என்பதைச் சரிபார்த்த பிறகே ஒப்பிடுங்கள்.

மெய்யான சந்தையில் தேவைக் கோடு எளிதில் கிடைக்காது. அப்போது முற்றுரிமை தளர்ந்த தருணத்தைத் தேடுங்கள். சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான நெக்ஸாவர் மருந்தைப் பேயர் நிறுவனம் காப்புரிமையின் பலத்தில் மாதத்துக்கு ஏறத்தாழ 2,80,000 ரூபாய்க்கு விற்றுவந்தது. 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் (காப்புரிமையாளரின் இசைவின்றியே தயாரித்து விற்கும் அனுமதி) அளித்து, மாத விலை 8,880 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று விதித்தது. பேயருக்கு உரிமத்தொகை 6 சதவீதம் செலுத்தியும் அந்த விலைக்கு விற்க நாட்கோ முன்வந்ததால், ஒரு மாத மருந்தைத் தயாரிக்கும் செலவு அதற்கும் கீழேதான் இருக்கும் என்று கொள்ளலாம். ஆராய்ச்சிச் செலவு இதில் சேராது. புதிய மருந்துகள் பிறப்பதற்கான ஊக்கத்தையும் எதிர்த்தட்டில் வைத்தே எடைபோட வேண்டும்.

இருப்பினும், தகுதியுள்ள நோயாளிகளுள் சுமார் 2 சதவீதத்தினருக்கே அந்த மருந்து சென்றிருந்தது என்று அதே ஆணை கண்டறிந்தது. தேவைக் கோடு, பணம் கொடுக்க இயன்றவரின் விருப்பத்தை மட்டுமே அளக்கும். 8,880 ரூபாயும் இல்லாத நோயாளியின் தேவை அதில் பூச்சியமாகவே பதிவாகும். ஆகவே மருந்துச் சந்தையைக் கணக்கிடும்போது, இழந்த ரூபாய்க்கு அடுத்த வரியில் மருந்து எட்டாதவர்களின் எண்ணிக்கையையும் தனியாக எழுதுங்கள்.