ஜூலையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்: பிரிட்டனில் ஊர் தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

லீட்ஸ் நகரத்தில் ஹெடிங்லி என்று ஒரு பகுதி இருக்கிறது. ஜூலை மாதம் அங்கே வீடு பார்க்கப் போனால் அவ்வளவு அமைதியாக இருக்கும். வரிசையாகச் செங்கல் வீடுகள், மரங்கள், இரவு ஒன்பதரை வரை வெளிச்சம். இங்கேயே இருந்துவிடலாம் என்று மனசு சொல்லும். செப்டம்பர் கடைசியில் பல்கலைக்கழகம் திறந்ததும் அதே தெருவில் நள்ளிரவு தாண்டியும் பாட்டுச் சத்தம் கேட்கும். மாணவர்கள் நிறையத் தங்கும் இடம் அது. கோடையில் அவர்கள் ஊருக்குப் போய்விடுவதால்தான் அந்த அமைதி. மாணவர்களைக் குறை சொல்லவில்லை. கைக்குழந்தையோடு குடிபோகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்கிறேன்.

கோடையில் பார்த்து முடிவு செய்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. எடின்பரோவில் டிசம்பர் நடுவில் மாலை 3.40க்கே சூரியன் மறைந்துவிடும். பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்குள் இருட்டிவிடும். முடிந்தால் நவம்பரில், மழை பெய்யும் ஒரு வேலை நாளில், மாலை ஐந்து மணிக்குப் பஸ் ஸ்டாப்பில் இறங்கி அந்த வீடு வரை நடந்து பாருங்கள். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா, ஒரு கடையாவது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மழையைப் பொதுவாக எடைபோடவும் கூடாது. அட்லான்டிக் காற்றை நேரே வாங்கும் கிளாஸ்கோவில் ஆண்டுக்கு 1,000 மி.மீ.க்கு மேல் பெய்யும். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் எடின்பரோவில் அதைவிட வெகுவாகக் குறைவு.

“வாழச் சிறந்த நகரங்கள்” பட்டியலைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பது அடுத்த தவறு. நாம் நகரம் முழுவதிலும் வாழப்போவதில்லை; இரண்டு மூன்று தெருக்களில்தான் வாழப்போகிறோம். ஷெஃபீல்டு நகர எல்லைக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் வருகிறது. அழகான ஊர், எனக்கு மிகவும் பிடித்த ஊர். ஆனால் மேடும் பள்ளமும் அதிகம். வரைபடத்தில் பத்து நிமிட நடை என்று இருப்பது, பத்துக் கிலோ அரிசி மூட்டையோடு ஏறும்போது பத்து நிமிடமாக இருக்காது.

அப்புறம் வாடகை. மாதம் நூறு பவுண்டு குறைவு என்று எடுத்த வீடு, ஜனவரியில் ஹீட்டிங் கட்டணமாக அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். வீட்டின் எரிசக்திச் சான்றிதழில் ஏ (மிகச் சிறந்தது) முதல் ஜி (மிக மோசம்) வரை தரம் போட்டிருப்பார்கள். கேட்டு வாங்கிப் பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாடகை வீடு பொதுவாக ஈ தரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது என்பது சட்டம். லீட்ஸில் 1937 வரை ‘பேக்-டு-பேக்’ வீடுகள் கட்டினார்கள். வரிசையின் நடுவில் இருக்கும் வீட்டுக்கு மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், ஜன்னல் முன்பக்கம் மட்டும். குளிர் அவ்வளவாக ஏறாது. ஆனால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழியில்லை. துணியை உள்ளேயே காயப்போட்டால் ஈரம் சுவரில்தான் இறங்கும். எந்த வீடு பார்க்கப் போனாலும் அலமாரியைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். பின்னால் பூஞ்சையின் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா? ஒரு மூலையில் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறதா? ஜன்னலின் கீழ்க் கட்டையை விரலால் அழுத்துங்கள். மரம் மெத்தென்று உள்ளே போனால் அந்த வீடு வேண்டாம்.

லண்டனை வைத்து மற்ற ஊர்களின் பஸ்ஸைக் கணக்குப் போடாதீர்கள். 1986 முதல் லண்டனுக்கு வெளியே பெரும்பாலான வழித்தடங்களைத் தனியார் நிறுவனங்களே தீர்மானித்து வந்தன. கிரேட்டர் மான்செஸ்டர் 2025 ஜனவரியில்தான் எல்லா பஸ்களையும் மீண்டும் பொதுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. லீட்ஸில் டிராம் 1959இல் நின்றது, இன்னும் வரவில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது கடைசி பஸ்ஸும் ஞாயிற்றுக்கிழமை அட்டவணையும்தான்.

உள்ளூர் கவுன்சிலின், அதாவது உள்ளாட்சியின், நிலைமையை யாரும் விசாரிப்பதே இல்லை. பர்மிங்காம் கவுன்சில் 2023இல் வரவுசெலவைச் சமாளிக்க முடியவில்லை என்று அறிவித்தது. அடுத்த ஆண்டே கவுன்சில் வரி ஏறக்குறைய 10 சதவீதம் உயர்ந்தது. குப்பை எடுப்பது, நூலகம், தெருவிளக்கு எல்லாம் கவுன்சில் கையில்தான் இருக்கின்றன.

நம் ஆட்கள் இருக்கும் இடமே வேண்டும் என்று லண்டன் ஈஸ்ட் ஹாம் பக்கம் வாடகை கூடுதலாகக் கொடுத்து இருப்பவர்களைச் சிலர் தவறு செய்வதாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முருங்கைக்காய் வாங்க ஒரு கடை, நடந்துபோக ஒரு முருகன் கோயில், இரவில் காய்ச்சலடிக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடும்போது மூத்தவளை விட்டுவிட்டுப் போகப் பக்கத்து வீட்டில் ஓர் அக்கா. இவையும் கணக்கில் வர வேண்டியவைதான்.