டோக்கியோவின் ஷிபாமாத்தாவை அரை நாளில் சுற்றிப் பார்ப்பது எப்படி?

டோக்கியோவில் சுற்றுலாப் பயணிகள் குவியும் அசாகுசா பகுதியின் நெரிசல் இல்லாமல் பழைய டோக்கியோவின் கடைத்தெரு ஒன்றை நிதானமாகப் பார்க்க விரும்புவோர், நகரின் கிழக்கு ஓரத்தில், எடோ ஆற்றை ஒட்டி கத்சுஷிகா வார்டில் அமைந்துள்ள ஷிபாமாத்தாவுக்குச் செல்லலாம். அரை நாள் போதும். ஆனால் இங்கு காண வேண்டியவற்றுள் முதன்மையான தைஷகுதென் கோவிலின் மரச்சிற்பக் கூடம் மாலை 4 மணிக்கே மூடப்பட்டுவிடும் என்பதால், காலையிலேயே கிளம்புவது நல்லது.

படி 1: ரயில்

கெய்செய் உவேனோ நிலையத்திலிருந்து கெய்செய் முதன்மைத் தடத்தில் சென்று தகாசகோவில் இறங்குங்கள். விமான நிலையத்துக்குச் செல்லும் ஸ்கைலைனர் விரைவு ரயில் அங்கு நிற்காது. கூடுதல் கட்டணம் இல்லாத ரயிலிலேயே ஏறுங்கள். தகாசகோவில் கனமாச்சி கிளைத் தடத்துக்கான நடைமேடை தனியாக இருக்கிறது. அங்கிருந்து அடுத்த நிறுத்தமே ஷிபாமாத்தா.

படி 2: கடைத்தெரு

நிலைய வாசலில் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தபடி ஒரு வெண்கலச் சிலை நிற்கும். 1969 இல் தொடங்கிய புகழ்பெற்ற திரைப்படத் தொடரின் நாயகனான, ஊர் ஊராகச் சுற்றித் திரியும் வியாபாரி டோரா-சான்தான் அவர். அவரை வழியனுப்பும் தங்கையின் சிலை 2017 இல் எதிரே வைக்கப்பட்டது. அதைக் கடந்தால் கோவிலுக்குச் செல்லும் குறுகலான கடைத்தெரு. இப்போது எதையும் வாங்காமல் நேரே நடந்துவிடுங்கள்.

படி 3: கோவில்

1629 இல் நிறுவப்பட்ட தைஷகுதென் கோவில், நிச்சிரென் பௌத்தப் பிரிவைச் சேர்ந்தது. தைஷகுதென் வேறு யாருமல்லர், பௌத்தத்தின் வழியே ஜப்பான் சென்ற நம் இந்திரன்தான். பலரும் முன்மண்டபத்தில் வணங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. கட்டணம் செலுத்தி, காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றால், மண்டபத்தின் வெளிச்சுவர்களில் தாமரைச் சூத்திரம் என்ற பௌத்த நூலின் கதைகளைச் சொல்லும் பத்து மரச்சிற்பப் பலகைகளைக் கண்ணாடித் தடுப்புக்குள் காணலாம். ஒரே மழை எல்லாச் செடிகளையும் நனைப்பதும், தீப்பிடித்த வீட்டிலிருந்து பிள்ளைகள் வெளியே அழைக்கப்படுவதும், நாக அரசன் மகள் புத்த நிலை அடைவதும் கெயாக்கி மரத்தில் அடுக்கடுக்காகக் குடையப்பட்டுள்ளன. பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்னால் நிற்கும் உருவத்தின் பின்னே இன்னோர் உருவமும், அதன் பின்னே இலைகளும் தெரியும். அதே சீட்டில் சுய்கெய்-என் தோட்டத்தையும் பார்க்கலாம். தோட்டத்துக்குள் இறங்க அனுமதியில்லை. சுற்றியுள்ள மரத்தாழ்வாரத்தில்தான் நடக்க வேண்டும்.

படி 4: ஆற்றங்கரை

கோவிலுக்குப் பின்புறம், ஜப்பானிய பாணியும் மேற்கத்திய பாணியும் கலந்த யாமாமோத்தோ-தெய் என்ற பழைய மாளிகை இருக்கிறது. தோட்டத்தைப் பார்த்தபடி அங்கு மாச்சா தேநீர் அருந்தலாம். அதையும் தாண்டிக் கரை மேட்டில் ஏறி இறங்கினால் யாகிரி படகுத்துறை வரும். கையால் துடுப்பு வலித்து எதிர்க்கரையில் உள்ள சிபா மாகாணத்துக்கு அழைத்துச் செல்வார்கள். மழையோ பலத்த காற்றோ இருந்தால் படகு ஓடாது. குளிர்காலத்தில் சில நாட்களில் மட்டுமே ஓடும்.

படி 5: உணவு

திரும்பும்போது கடைத்தெருவில் குசா-டாங்கோ சாப்பிடுங்கள். யோமோகி இலை சேர்த்துப் பிசைந்த அரிசிமாவு உருண்டைகளின் மேல் இனிப்பான சிவப்புப் பயறு விழுதை வைத்துத் தருவார்கள். நம் கொழுக்கட்டையின் பூரணத்தை வெளியே வைத்தது போல இருக்கும். இங்குள்ள பழைய உணவகங்களில் விலாங்கு மீன்தான் சிறப்பு என்பதால், சைவ உணவு உண்பவர்கள் டாங்கோவையும் சோயா சாறு தடவிச் சுட்ட செம்பெய் அப்பளங்களையும் நம்பலாம். கடைகள் மாலையிலேயே அடைக்கப்பட்டுவிடும். கையில் சில்லறை யென் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த வழியே திரும்ப விருப்பமில்லை என்றால், எதிர்த்திசையில் ஒரே நிறுத்தம் சென்று கெய்செய் கனமாச்சியில் இறங்கி, அருகிலுள்ள ஜேஆர் கனமாச்சி நிலையத்தில் ஜோபன் தட ரயிலைப் பிடிக்கலாம்.